காற்றின் எடையையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களில் நடக்கும் உணவுப் பொறியியல் ஆய்வுகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறவன் நான். காய்கறி உலர்த்துவது, பழச்சாறு பதப்படுத்துவது, சூரிய உலர்த்தி, கணினியை வைத்து உலரும் நேரத்தைக் கணிப்பது என்று மாதத்துக்கு ஒன்றாவது கண்ணில் படுகிறது. எந்தச் செய்தியானாலும் கடைசியில் உகந்த நிலை என்று ஒன்றைச் சொல்லி முடிப்பார்கள். இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம், இத்தனை மில்லிமீட்டர் கனம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, டீ மேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிறவனாக, ஓய்வு பெற்றேன். இப்போது ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் கொஞ்சம் நிலத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறோம். ஊரில் மகளிர் குழு ஒன்று தட்டுகளில் பரப்பிச் சூடான காற்றால் உலர்த்தும் சின்ன டிரே டிரையர் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறது. மண்டிக்குப் போகாத உடைந்த கேரட், இரண்டு கால் முளைத்த கேரட் எல்லாவற்றையும் சீவி உலர்த்துகிறார்கள். டிரையர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பச்சை இலையை வாட்டி, நொறுக்கி, காய வைத்தே வயசானவன் என்பதால் காயப்போடுகிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு.

தம்பி மகள் கோவையில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கேரட் உலர்த்துவதை எடுத்துக்கொண்டாள். "பெரியப்பா, நம்ம ஊர் கேரட்டுதான், உங்களுக்கே பிரயோஜனப்படும்" என்று மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாள். மூன்று காரணிகள்: வில்லையின் கனம், காற்றின் வெப்பம், உலர்த்துவதற்கு முன் வெந்நீரில் போட்டு எடுக்கும் நேரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு. எல்லாவற்றையும் கலந்து செய்தால் 27 சோதனை. ஆனால் பாக்ஸ்-பென்கன் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதன்படி 12 சோதனை, நடுப்புள்ளியில் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப 5 முறை, ஆக 17 செய்தால் போதும். மீதியை மென்பொருள் ஒரு வளைபரப்பாக வரைந்து, உச்சி எங்கே என்று காட்டிவிடும். இன்றைக்கு நம் நாட்டில் உணவுத் தொழில்நுட்ப ஆய்வேடு எதைத் திறந்தாலும் இந்த 17 வரி அட்டவணை இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. முறையில் தப்பு சொல்ல மாட்டேன். பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கிற கெட்டிக்கார முறைதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று அவளுடைய புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. இதன் வேர் ஆய்வுக்கூடத்தில் இல்லை, வயலில் இருக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற கணித மேதை, உரம் போட்ட வயலில் விளைச்சல் கூடியது உரத்தாலா, அந்த மண்ணாலா, அந்த வருஷத்து மழையாலா என்று பிரித்தறிய வழி தேடினார். சோதனைகளைத் திட்டமிடும் கலையே அங்கேதான் வளர்ந்தது. அதில் எங்கள் தொழிலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதே நிலையத்தில் இருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் ஆய்வாளருக்கு ஃபிஷர் ஒரு கோப்பை டீ கொடுத்தாராம். பாலை முதலில் ஊற்றாமல் பிறகு ஊற்றியிருந்ததால் அவர் வேண்டாம் என்றாராம். எது முன்னே, எது பின்னே என்று நாக்கால் சொல்ல முடியுமா? உடனே 8 கோப்பை தயார் செய்தார்கள். நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்து எட்டையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான். அந்த அம்மாள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. குன்னூர் ஏலத்துக்கு ருசி பார்க்கிறவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு, இந்த லாட்டில் இலை சரியாக வாடவில்லை என்று சொல்வதைக் காதால் கேட்டவன் நான்.

பிறகு 1951-ல் ஜார்ஜ் பாக்ஸ், வில்சன் என்ற இருவர் இதை ஒரு ரசாயனக் கம்பெனிக்கு ஏற்றபடி வளர்த்தார்கள். வளைபரப்பு முறை அப்படி வந்தது. பாக்ஸ் பின்னாளில் ஃபிஷரின் மகளையே கல்யாணம் செய்துகொண்டார். மாமனாரின் வயல் கணக்கு மருமகனிடம் தொழிற்சாலைக் கணக்காகிவிட்டது. 1960-ல் பென்கனுடன் சேர்ந்து அவர் சொன்னதுதான் இந்த 17 சோதனைக் கதை.

இந்தப் பயணத்தில் வழியில் ஒரு சாமான் தவறி விழுந்துவிட்டது என்பதுதான் என் புகார். ஃபிஷருடைய முறையில் முக்கியமான ஒன்று, வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் எல்லா உரத்தையும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது. மேட்டு மண் வேறு, பள்ளத்து மண் வேறு. இடத்துக்கு இடம் மாறுவதைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். இன்றைக்கு ஆய்வேடுகளில் 17 சோதனையும் ஒரே அறையில், ஒரே அடுப்பில், ஒரே ஊரில் நடக்கிறது. ஊர் ஒரு காரணியாகவே இல்லை. கேரட் ஊட்டியில் விளைகிறது, உகந்த நிலை கோவையில் விளைகிறது.

சரி, அதனால் என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்று கேட்கலாம். சொல்கிறேன்.

கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டிரையரில் உள்ள விசிறி எங்கே சுற்றினாலும் அதே கன அளவுக் காற்றைத்தான் தள்ளும். ஆனால் அந்தக் காற்றின் எடை கோவையில் இருப்பதைவிட இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெப்பத்தைச் சுமந்துபோய் வில்லையில் கொடுப்பது காற்றின் எடைதான், கன அளவு இல்லை. கீழே ஆறு மணி நேரத்தில் காய்ந்தது மேலே ஏன் காயவில்லை என்று எங்கள் குழுப் பெண்கள் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் பாவம், என்ன செய்யும்? தேயிலைத் தொழிற்சாலையில் இது பால பாடம். கீழே கணக்குப் போட்டுச் செய்த டிரையரை மேலே கொண்டுவந்து மாட்டினால் சொன்ன அளவு இலை காயாது. விசிறியின் வேகத்தைக் கூட்டுவோம், அல்லது தட்டில் இலையின் கனத்தைக் குறைப்போம்.

அடுத்தது வெந்நீர். கொதிநீரில் மூன்று நிமிடம் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கும். எந்த ஊர்க் கொதிநீர்? 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாகவே தண்ணீர் கொதித்துவிடும். கோவையில் 98 டிகிரிக்கு மேல். ஊட்டியில் 92 அல்லது 93. இங்கே குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்கப் பார்த்த எந்தப் பெண்மணியும் இதைச் சொல்வார். கேரட்டை வெந்நீரில் போடுவது அதிலுள்ள நொதிகளை அடக்கத்தான். அடக்காவிட்டால் காய்ந்த பிறகும் அவை உள்ளே வேலை செய்து நிறத்தையும் வாசனையையும் கெடுக்கும். அவற்றில் பெராக்சிடேஸ் என்ற நொதி நல்ல முரடு. அது செத்ததா இல்லையா என்று பார்க்க, குவாயக்காலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சொட்டுச் சொட்டாக விடுவார்கள்; சிவந்த பழுப்பு நிறம் வந்தால் நொதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஆறேழு டிகிரி குறைந்த தண்ணீரில் அதே மூன்று நிமிடம் போதுமா? தம்பி மகளையே இங்கே வந்து செய்து பார்க்கச் சொன்னேன். பழுப்பு வந்தது. கோவையில் அதே கேரட்டுக்கு வரவில்லை. நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது வேறு விஷயம். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வில் இல்லை.

புதிதாக வரும் கருவிகளிலும் இதே கதைதான். பிளாஸ்டிக் படலத்துக்குக் கீழே சுடுநீரை ஓடவிட்டு, மேலே மெல்லிசாகக் கூழைப் பரப்பி உலர்த்தும் ஒரு முறையைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்கிறார்கள். நிறமும் சத்தும் நன்றாக நிற்கிறதாம். அதில் ஓடுகிற தண்ணீர் 95 டிகிரியில் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் அதற்கு முன்பே ஆவியாகப் போய்விடுமே!

மலைக் காற்றால் பாதகம் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. மூடுபனியைப் பார்த்ததும் கீழேயிருந்து வருகிறவர்கள், இந்த ஈரத்தில் எப்படி ஐயா காயும் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐப்பசி மாதம் 12 டிகிரிக் குளிரில் பனியோடு நிற்கும் காற்றை எடுத்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு வந்துவிடும். கோவையில் 30 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை அதே 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 12, 13 சதவீதத்தில் நிற்கும். அதாவது எங்கள் பனிக் காற்று, சூடானபின், கோவைக் காற்றைவிட உலர்ந்தது! குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் பிடித்துவைக்க முடியாது என்பதுதான் சூட்சுமம். ஆனால் விலை வேறிடத்தில் கொடுக்கிறோம். 30-லிருந்து 60-க்கு ஏற்ற 30 டிகிரி போதும். 12-லிருந்து ஏற்ற 48 டிகிரி வேண்டும். வெளிக்காற்றை மட்டுமே இழுத்து ஓட்டினால், ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் சூடு செலவு.

இதற்குத் தீர்வு எங்கள் தொழிற்சாலைகளில் இலையை வாடவைக்கும் தொட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியேறும் காற்றை முழுக்க விட்டுவிடாமல், காற்றுவழியைத் திறந்து மூடும் டாம்பர் என்ற தகட்டைப் பாதி மூடி, அதையே மறுபடி சுற்றவிடுவது. கடைசி இரண்டு மணி நேரத்தில் வில்லையிலிருந்து வருகிற ஈரம் கொஞ்சம்தான். அப்போது வெளியேறும் காற்று இன்னும் சூடாக, இன்னும் உலர்வாக இருக்கும். அதை வெளியே விடுவது விறகை வெளியே விடுவது மாதிரி. என்னைக் கேட்டால் மூன்றாவது காரணியாக டாம்பரைத்தான் வைத்திருப்பேன். எந்த நேரத்தில் எவ்வளவு மூடுவது என்பது நல்ல உகப்பாக்கக் கணக்கு. எங்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும், எண்ணாகத் தெரியாது. எண்ணாக்கித் தர வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள்.

காய்ந்து முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மலையில் பாதி நஷ்டம் அதற்குப் பிறகுதான். தேயிலை 3 சதவீத ஈரத்தில் டிரையரை விட்டு வெளியே வரும். அதைப் பனி மூடிய சாயங்காலத்தில் திறந்த அறையில் கொட்டி வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வாசனை செத்துவிடும். கேரட் வில்லையும் அப்படித்தான். சில்லென்று ஒடிந்த வில்லை ஒரே மாலையில் தோல் மாதிரி வளைகிறது. உலர்த்தும் ஆய்வுகளில் வில்லையை எடுத்து, மூடிய கண்ணாடிக் குடுவையில் ஆறவிட்டு, எடை போட்டு முடித்துவிடுகிறார்கள். எங்களிடம் குடுவை இல்லை. ஓட்டுக் கூரை போட்ட கொட்டகையும் ஐந்து பெண்களும் ஒரு சீல் போடும் மெஷினும் இருக்கிறது. தட்டை வெளியே எடுத்து எத்தனை நிமிடத்துக்குள் பையில் போட்டு மூட வேண்டும் என்பதை யாராவது ஆராய்ந்து சொன்னால் அது எங்களுக்கு 61 டிகிரியா 63 டிகிரியா என்பதைவிடப் பெரிய உபகாரம்.

டிகிரி என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி மகளின் மென்பொருள் தந்த விடையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருந்தது. எங்கள் டிரையரில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்குமே ஏழெட்டு டிகிரி வித்தியாசம். கத்தி கொஞ்சம் மழுங்கினால் வில்லையின் கனம் கையை மீறிப் போகும். உச்சி எங்கே என்பதைவிட, உச்சி எப்படி இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டிய தகவல். மலையில் இருப்பவனுக்கு இது சுலபமாகப் புரியும். தொட்டபெட்டா உச்சி அகலமானது, நாலு பக்கம் நடந்தாலும் உயரம் அதிகம் குறையாது. கோத்தகிரிப் பக்கத்து ரங்கசாமி சிகரம் கூரானது. கேரட்டின் வளைபரப்பு தொட்டபெட்டா மாதிரி என்றால் நான் 61-க்குப் பதில் 55-ல் ஓட்டி மின்சாரத்தை மிச்சம் பிடிப்பேன்; நிறத்தில் பெரிய வித்தியாசம் வராது. ரங்கசாமி மாதிரி என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். இந்தத் தகவல் அந்த 17 சோதனையிலேயே இருக்கிறது. மென்பொருளில் இன்னொரு படம் போட்டால் வந்துவிடும். கேட்பார் இல்லாததால் யாரும் போடுவதில்லை.

இதையே ஒரு கொள்கையாக வளர்த்தவர் ஜப்பானின் கெனிச்சி தகுச்சி. 1950களில் நம் கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்கும் வந்து தங்கிப் போனவர். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கதை ஓர் ஓட்டுச் சூளையைப் பற்றியது. சூளையின் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. ஓடுகள் அளவு மாறி வந்தன. சூளையை இடித்துக் கட்டப் பணம் அதிகம். களிமண் கலவையில் சுண்ணாம்பின் அளவை மாற்றினார்கள். சூடு எப்படி மாறினாலும் ஓடு ஒரே அளவில் வந்தது. எங்கள் டிரையரின் மேல் தட்டு, கீழ்த் தட்டுக்கு இப்படி ஒரு வைத்தியம் யாராவது சொல்லக்கூடாதா? புது டிரையர் வாங்குங்கள் என்பது வைத்தியம் இல்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். ஆய்வேடுகளில் உகந்தது என்றால் எதற்கு உகந்தது? பீட்டா கரோட்டீன் எவ்வளவு மிஞ்சியது, நிறம் எவ்வளவு மாறியது, மறுபடி தண்ணீரில் போட்டால் எவ்வளவு ஊறுகிறது. இந்த மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை ஒரே மதிப்பெண்ணாக்கி, அது அதிகமாக வரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். டெரிங்கர், சூயிச் என்ற இருவர் 1980-ல் செம்மைப்படுத்திய வழி. எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்கிறார். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரூபாய் அந்தப் பட்டியலில் அபூர்வமாகத்தான் இருக்கிறது.

ரூபாயைச் சேர்த்தால் என்ன தெரியும் என்று பாருங்கள். தோல் சீவிச் சுத்தம் செய்த 10 கிலோ கேரட்டில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர். 7 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கைக்கு வருவது 1.3 கிலோ. போக வேண்டிய தண்ணீர் 8.7 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் வேண்டும். மொத்தம் 6 யூனிட்டுக்குப் பக்கம். இது ஒரு துளி சூடும் வீணாகாத சொர்க்கலோக டிரையருக்கு. பூலோகத்தில் சின்ன டிரையரில் பாதிச் சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும். அப்படியானால் ஒரு கிலோ உலர்ந்த கேரட்டுக்கு 9 யூனிட். கேரட்டின் விலை, சீவும் கூலி, பை எல்லாம் தனி. மேட்டுப்பாளையம் மண்டியில் விலை விழுந்து, பறிகூலிக்கும் லாரி வாடகைக்குமே காணாத வாரத்தில் இது தாங்கும். விலை ஏறிய வாரத்தில் டிரையரைத் தொடவே மாட்டார்கள். ஆக, எந்த மண்டி விலைக்குக் கீழே உலர்த்துவது லாபம் என்பதுதான் எங்கள் ஊருக்கு வேண்டிய உகந்த புள்ளி. அதில் டிகிரியும் நிமிடமும் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

கணக்கில் சேர்க்காத சங்கதி எப்படிக் காலை வாரும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு வேடிக்கைக் கதை உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்டிக்ளர் 1945-ல், ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்தெல்லாம் கிடைக்கிற மிக மலிவான சாப்பாடு எது என்று 77 உணவுப் பொருள்களை வைத்துக் கணக்குப் போட்டார். வருஷத்துக்கு 39 டாலர் 93 சென்ட் என்று வந்தது. கோதுமை மாவு, சுண்டக் காய்ச்சிய டப்பா பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, பீன்ஸ் விதை. வருஷம் முழுக்க இதே! முட்டைக்கோஸ் போடுகிற எங்கள் மலைக்காரர்களுக்குக் கேட்க இனிப்பாக இருக்கலாம், சாப்பிடுகிறவனைக் கேட்க வேண்டாமா? பிறகு உகப்பாக்கக் கணிதத்தின் தந்தை என்று சொல்லத்தக்க ஜார்ஜ் டான்ட்சிக், தன் உடம்பைக் குறைக்க இதே மாதிரிக் கணினியில் கணக்குப் போட்டார். கணினி ஒரு நாளைக்கு 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரை நீக்கிவிட்டுக் கேட்டார். ஒரு நாளைக்கு 200 சூப் கட்டிகள் என்றது. உப்புக்கு உச்சவரம்பு வைக்க அவர் மறந்திருந்தார். டான்ட்சிக் இதை ஒளிக்காமல் தானே எழுதி வைத்திருக்கிறார். பெரிய மனசு.

கணினியில் ஒரு குறையும் இல்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்கிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நான் வாழ்நாள் முழுக்கச் சோறு தின்றது, தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினால். 1930-ல் அசாமில் ஒரு தோட்டத்தில் மெக்கெர்ச்சர் என்பவர் கண்டுபிடித்தது. தோட்டத்திலேயே இருந்துகொண்டு, அங்கே அரைபடும் இலையைப் பார்த்துச் செய்தார். எங்கள் மாவட்டத்திலேயே இன்னொன்று இருக்கிறது. 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கு நிலங்களில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்துச் சொன்னார். வேரில் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டிக்கொண்டு, முட்டைக் கூட்டுக்குள் வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும் புழு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில், புழு இருக்கிற அதே மலை மண்ணில் சோதித்து, அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை 1985-ல் வெளியிட்டார்கள். சமவெளியில் புழு இல்லாத நிலத்தில் விளைச்சலை மட்டும் அளந்திருந்தால் அந்த ரகம் தேறியிருக்காது. எங்கே சோதிக்கிறோம் என்பதே எது ஜெயிக்கும் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

அதனால் பல்கலைக்கழகங்களை வழிநடத்துகிறவர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைக் கேட்கிறேன். உலர்த்தும் ஆய்வு எதுவானாலும், எந்த உயரத்தில், வெளிக்காற்று எத்தனை டிகிரியில், எவ்வளவு ஈரப்பதத்தில் இருந்தபோது செய்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் என்னைப் போன்றவன் மலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வான். அப்புறம், ஒரு கிலோ தண்ணீரை வெளியேற்ற எத்தனை யூனிட் ஆனது என்பதையும் நிறம், கரோட்டீனோடு சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்; மின்மீட்டர் எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. விளைகிற ஊரையும் ஒரு துண்டாக வைத்து, 17-ல் சிலவற்றையாவது அங்கே செய்தால் ஃபிஷரின் ஆத்மா சந்தோஷப்படும். கோவையிலிருந்து ஊட்டிக்குப் பஸ் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும், தாண்டிக்குடிப் பக்கத்து மலைவாழைக்கும் இதே தேவை இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மலைக்காரர்கள் அவர்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாயிருக்கும்.

முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதைப் பட்டம் வாங்குவதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைக்கலாம். தம்பி மகளிடம் இதைச் சொன்னேன். "பெரியப்பா, அதுக்கு மார்க் கிடையாது" என்றாள். மார்க் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆனாலும் அவள் எழுதிக் கொடுத்தாள். டிரையருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வெந்நீர் நேரத்தை மட்டும் யாரோ பேனாவால் அடித்துக் கூட்டி எழுதியிருக்கிறார்கள்.

குழுத் தலைவியிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழக மாணவரானாலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு தரமும் தை, மாசி வெயிலில் ஒரு தரமும் வந்து எங்கள் டிரையரில் சோதனை செய்துகொள்ளலாம். கேரட்டைக் குழுவே கொடுக்கும். தங்குவதற்கு ஊரில் இடம் பார்த்துத் தருவோம். கரண்ட் பில்லில் பாதியைக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் போதும். டாம்பர் பிடி கொஞ்சம் இறுகிக் கிடக்கிறது, அதை நான் சரிசெய்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டீ மேக்கர் ஒருவர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.